217-ஆம் வீடு சொன்ன பதில்கள்

ஜூன் 3

அண்ணாவுக்கு,

இரண்டரை வருஷம் கழித்து எழுதுகிறேன். சமாதானத்துக்கு வருகிறாள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நான் பேசுவது தகரத்தை உருட்டுவது மாதிரி இருக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள். கடைசியாகப் பேசியபோது உருட்டியது யார் என்பதை இப்போது கிளற வேண்டாம்.

வங்கி வேலையை விட்டேன் என்றதும் நீங்கள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "நாப்பத்தஞ்சு வயசுல பொருளாதாரத்துல டாக்டர் பட்டமா? அந்தப் படிப்பு நம்ம வீட்டுக்கு ஆகாது." காரணம் கேட்டேன். போனை வைத்துவிட்டீர்கள்.

என் காரணத்தையாவது சொல்கிறேன். இருபத்தொரு வருஷம் கடன் பிரிவில் இருந்தேன். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் செத்து மூன்றாம் மாதம் அந்தக் குடும்பத்தின் கோப்பு என் மேஜைக்கு வரும். கையெழுத்துப் போட்டுக் கீழே அனுப்புவேன். அதற்குப் பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது; தெரிந்துகொள்வது என் வேலையும் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன். ஒரு சாவுக்குப் பிறகு ஒரு வீடு எப்படி வாழ்கிறது என்பதுதான் என் ஆய்வு.

வந்து பட்டது கொஞ்சமல்ல. முதல் வருஷக் கணக்குத் தாளில் ஒரு தரம் தோற்றேன். பக்கத்தில் உட்கார்ந்த பையன்களுக்கு என் வயதில் பாதிதான். என் பேராசிரியர் என்னைவிட ஐந்து வயது இளையவர். என்னை 'மேடம்' என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார்.

சரி, காரியம். உங்கள் புள்ளியியல் அலுவலகத்தின் குடும்பக் கணக்கெடுப்பு முழுவதும் எனக்குக் கிடைத்திருக்கிறது. அறுநூறு வீடுகள், வருஷம் ஒருமுறை அதே வீடு, அதே கேள்விகள். வீட்டில் யார் யார், பிறந்த மாதம், வயது, மாதாமாதம் எதற்குச் செலவு. பெயர்கள் கிடையாது, எண்கள் மட்டும். கணக்கெடுப்பாளர் எண் 14 நீங்கள்தானே? உங்கள் நாற்பது வீடுகளில் 217 என்று ஒன்று. அதை நினைவிருக்கிறதா?

தங்கை


ஜூன் 14

மேனேஜரம்மாவுக்கு,

கடிதம் வந்தது. சுகம். இடது காது கொஞ்சம் கேட்கிறது, வலது காது ஓய்வு பெற்றுவிட்டது. எனக்கு முன்னாலேயே.

217 நினைவில்லை. நாற்பது வீடு, இருபது வருஷம். எண்ணூறு தடவை கதவைத் தட்டியிருக்கிறேன். எந்தக் கதவு எது என்று யார் கண்டது? ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் தெருக்கோடி வீடு. ஒரே ஒரு பெண். அமைதியானவள். எந்தத் தொந்தரவும் கிடையாது. அதைப் போட்டு நோண்டுவானேன்? ஆராய்ச்சி பண்ண மீதி ஐநூற்றுத் தொண்ணூற்றொன்பது வீடு போதாதா?

உன் படிப்பைப் பற்றி நான் சொன்னது சொன்னதுதான். காரணம் உனக்கு வேண்டாம்.

அண்ணன்


ஜூன் 25

அண்ணா,

நினைவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே தெரு, ஃபேக்டரி, பெண்ணின் குணம் வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு எப்போதுமே பொய் சொல்ல வராது. படிவத்தில்தான் வரும்போல.

வங்கியில் பொய்க் கோப்பை மோந்தே கண்டுபிடிப்பவள் நான். நிஜக் குடும்பத்தின் எண்கள் கோணலாக இருக்கும். ஒரு மாதம் எண்ணெய் அதிகம் வாங்குவார்கள், அடுத்த மாதம் மறந்துவிடுவார்கள். 217-இன் எண்கள் சீராக வாரிவிட்ட தலைமுடி மாதிரி இருக்கின்றன. ஒருவர் உட்கார்ந்து யோசித்துப் போட்ட எண்கள்.

அந்தப் பெண் என்னென்ன வாங்குகிறாள் என்று வரிசையாகப் படித்தேன். இருபத்து நான்கு வயதில் மூக்குக் கண்ணாடி. இருபத்தாறில் பாட்டு வகுப்பு. முப்பதில் சைக்கிள், அதற்கு மணி தனியாக. முப்பத்தெட்டில் கடலைப் பார்க்க ஒரு பயணம். வருஷா வருஷம் வண்ணப் பென்சில். இருபது வருஷத்தில் மருத்துவச் செலவு என்ற கட்டத்தில் மட்டும் சுழியம். ஒரு ஜுர மாத்திரைகூட வாங்காத மனுஷி உலகத்தில் உண்டா?

பிறகு அவள் பிறந்த மாதத்தையும் வருஷத்தையும் பார்த்தேன். நாற்காலியிலிருந்து எழுந்து வராந்தாவுக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றேன்.

அது நம் தங்கை குட்டி பிறந்த மாதம். குட்டி பிறந்த வருஷம்.

ஒன்பது வயதில் செத்துப்போனவளை அந்த வீட்டில் இருபது வருஷம் குடிவைத்திருந்தீர்களா அண்ணா?


ஜூலை 20

தங்கைக்கு,

பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

ஆமாம்.

அந்த வீடு பட்டியலில் இருந்தது, ஆனால் ஆள் இல்லை. வாரிசுகள் கோர்ட்டுக்குப் போய்ப் பூட்டிப் போட்ட வீடு. 'பூட்டியுள்ளது' என்று எழுதிவிட்டு வேறு வீடு கேட்டு வாங்கியிருக்க வேண்டும். முதல் வருஷம் நல்ல வெயில். அந்த வீட்டுப் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். படிவம் மடியில் இருந்தது. 'உறுப்பினர் 1, வயது' என்ற கட்டத்தில் இருபத்து மூன்று என்று எழுதினேன். உயிரோடு இருந்தால் அன்றைக்கு அவளுக்கு அதுதான் வயது. எழுதியதும் மனசு லேசானது. அடுத்த வருஷமும் போனேன். மற்ற முப்பத்தொன்பது வீட்டிலும் ஒரு எண்கூட நான் தப்பாக எழுதியதில்லை. இதை நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். குட்டிக்கு மூன்று நாள் ஜுரம், நாலாம் நாள் போய்விட்டாள் என்றுதான் உனக்குச் சொன்னோம். உனக்குப் பதினொரு வயது. அன்று பள்ளிக்கூடத்தில் இருந்தாய். அம்மாவும் அப்பாவும் ஊரில் இல்லை. காலையில் அவளுக்கு மூச்சு இரைத்தது. "அண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்று கேட்டாள். எனக்கு அன்று முதுகலையில் கடைசித் தாள். "மூணு மணி நேரம் பொறுத்துக்கடா குட்டி, எழுதிட்டு ஓடி வந்துடறேன்" என்றேன். சரி என்று தலையாட்டினாள். ஓடித்தான் வந்தேன்.

அது பொருளாதாரத் தேர்வு. முடிவு வந்ததா, தேறினேனா என்று நான் போய்ப் பார்க்கவேயில்லை. அந்தப் படிப்பு நம் வீட்டுக்கு ஆகாது என்று சொன்னதற்குக் காரணம் கேட்டாயே, இதுதான். பொறாமை என்று நினைத்திருப்பாய்.

ஓய்வு பெறுவதற்கு முன் ஒரு ஒழுங்கு பண்ணிவிட்டேன். 'வீடு நிரந்தரமாகப் பூட்டியுள்ளது, பட்டியலிலிருந்து நீக்கவும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். இருபது சுற்றோடு 217 முடிந்தது. இனி நீ என்ன செய்வாயோ, உன் இஷ்டம்.

அண்ணன்


ஆகஸ்ட் 2

அண்ணா,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அதைப் பற்றி நேரில் பேசுவோம். இப்போது முடியவில்லை. இப்போது வேறொன்று.

217 இருபது சுற்றோடு முடியவில்லை. என்னிடம் இருபத்திரண்டு சுற்று இருக்கிறது.

கடைசி இரண்டும் உங்களுடையவை அல்ல. கணக்கெடுப்பாளர் எண் 31. உங்கள் இடத்துக்கு வந்தவராக இருக்கும். பழைய படிவத்தைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. உங்கள் இருபதும் யோசித்துப் போட்ட எண்கள் என்றேன் அல்லவா? இந்த இரண்டும் கோணலாக இருக்கின்றன. சோப்பு ஒரு மாதம் மூன்று, ஒரு மாதம் ஒன்றுமே இல்லை. அறுநூறு வீட்டில் எதை எடுத்துப் பக்கத்தில் வைத்தாலும் நிஜம் என்றே சொல்வேன். என் வங்கி மூக்கு இதற்கு முன் தப்பியதில்லை.

மருத்துவச் செலவு கட்டத்தில் முதன்முறையாக எண் இருக்கிறது. இரண்டு வருஷமும். ஜுர மருந்து.

அலுவலகத்தில் கேட்டு அந்தப் படிவங்களின் நகல் வாங்கினேன். கடைசியில் குறிப்புக் கட்டம் ஒன்று உண்டு, உங்களுக்குத் தெரியும், யாரும் எதுவும் எழுதமாட்டார்கள். போன வருஷத்துப் படிவத்தில் நீல மையில் இப்படி இருக்கிறது: 'தகவல் தருபவர் தன் அக்கா படிப்பை முடித்துவிட்டாரா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.'

மூன்று நாளாக ஆய்வகத்தில் தனியாக உட்காரவில்லை. பக்கத்து மேஜைப் பையன் கிளம்பும்போது நானும் கிளம்பிவிடுகிறேன். அவன் "என்னாச்சு மேடம்?" என்று கேட்கிறான். தலைவலி என்கிறேன்.

இன்னொன்று. 217-ஐப் பற்றிப் பேராசிரியரிடம் சொல்லப் போகிறேன். ஒரு வீடு பொய் என்றால் எண் 14 எடுத்த நாற்பதையும் யாரும் நம்பமாட்டார்கள். உங்களுக்குத் தலைகுனிவு, என் மூன்று வருஷமும் ஆட்டம் கண்டுவிடும். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிற வேலையை விட்டுவிட்டு வந்தவள் நான். இங்கேயும் அதையே செய்ய முடியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்.


செப்டம்பர் 11

தங்கைக்கு,

சொல்லிவிடு. நானே அலுவலகத்துக்கு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உன் வாயால் முதலில் போக வேண்டாம். அண்ணன் செய்ததை அண்ணனே சொன்னதாக இருக்கட்டும்.

இனி எழுதப் போவதைப் பைத்தியம் என்று நினைக்காதே.

எண் 31 ஒரு அம்மாள். ஐம்பது வயதிருக்கும், ஸ்கூட்டரில் வருகிறார், கறார் பேர்வழி. இந்த வருஷச் சுற்று நேற்று எங்கள் பகுதியில். பழைய ஆள், கூட வருகிறேன் என்றேன். "வாங்க சார், நல்லதாப் போச்சு" என்றார். 217 என்றதும் சிரித்தார். "அந்தம்மாவா? கதவைத் திறக்கவே மாட்டாங்க சார். எல்லாம் ஜன்னலோடதான்."

நீக்கச் சொல்லி நான் எழுதிய காகிதம் எந்த மேஜையில் தூங்குகிறதோ, பட்டியலில் வீடு அப்படியே இருக்கிறது.

காலை பதினொரு மணி. பளீரென்று வெயில். கதவில் அதே பூட்டு, அதே துரு. வாசல் ஜன்னலில் ஒரு கதவு மட்டும் நாலு விரல் அளவுக்குத் திறந்திருந்தது. இருபது வருஷம் அந்தப் படியில் உட்கார்ந்தவன் நான். அது திறந்து நான் பார்த்ததில்லை.

அந்த அம்மாள் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று கேள்வி கேட்க ஆரம்பித்தார். கேட்பார், காத்திருப்பார், எழுதுவார். ஒரு பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சரியாகக் காத்திருந்தார். ஒரு இடத்தில் "அடடா, அப்படியா?" என்றார். ஒரு இடத்தில் சிரித்தார். நான் ஒரு முழம் தள்ளி நின்றேன். இடது காதைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றேன். அவர் குரல் கேட்டது. ஸ்கூட்டர் போகிற சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் காதுதான் காரணமா? அதைத்தான் நேற்றிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முடிந்ததும் இடுக்கு வழியாகப் பார்த்தேன். தரை முழுக்கத் தூசி. வெயில் ஒரு கோடாக அதில் விழுந்திருந்தது. ஒரு காலடித் தடம் இல்லை.

திரும்பி நடக்கும்போது அந்த அம்மாள் படிவத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். "என்னமோ தெரியல சார். போன ரெண்டு வருஷமும் வயசைச் சரியாச் சொன்னாங்க. இன்னிக்கு ஒன்பதுங்கிறாங்க. ரெண்டு தடவை கேட்டுட்டேன், ஒன்பதுதான்னு அழுத்திச் சொல்றாங்க. குரலும் ஒரு மாதிரி சின்னப் பிள்ளை குரலா இருக்கு. உடம்பு சரியில்ல போல, மூச்சு இரைக்குது." கொஞ்ச தூரம் போனதும் சொன்னார்: "உங்களைப் பார்த்த பிறகுதான் சார் அப்படி ஆச்சு."

நான் அவருக்குக் குட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அண்ணன்


அக்டோபர் 5

அண்ணா,

பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். பூட்டிய வீடு, இட்டுக்கட்டிய எண்கள், எழுதியவர் என் அண்ணன். அவ்வளவுதான் சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை. அவர் ரொம்ப நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, "நாற்பது வீட்டையும் எடுத்துடுங்க மேடம். முதல்லேருந்து போடுங்க" என்றார். இன்னும் ஒரு வருஷம் ஆகும். உதவித்தொகை மார்ச்சோடு நின்றுவிடும். மாலையில் டியூஷன் எடுத்துச் சமாளித்துக்கொள்வேன். உங்கள் பேர் ஆய்வேட்டில் வராது, எண் 14 என்றுதான் வரும்.

நாற்பதையும் நீக்கும் முன் உங்கள் மற்ற முப்பத்தொன்பதையும் பார்த்தேன். அத்தனையும் கோணல். அத்தனையும் நிஜம். நம்புகிறேன்.

பேராசிரியர் எழுதிக் கேட்டதற்கு அலுவலகத்திலிருந்தும் பதில் வந்தது. இந்த மாதக் கடைசியோடு 217-ஐ எடுத்துவிடுவார்களாம். அதற்குப் பிறகு அந்த ஜன்னலுக்கு யாரும் போகப் போவதில்லை, எதையும் கேட்கப் போவதில்லை.

அதனால் நான் வருகிறேன். இருபத்து நாலாம் தேதி காலை வண்டி. வீட்டுக்குப் போக வேண்டாம், ஸ்டேஷனிலிருந்து நேரே அங்கே போய்விடுவோம். உங்களுக்குக் கேட்கவில்லை. எனக்குக் காது நன்றாக இருக்கிறது. கேட்டுவிட்டால் என்ன செய்வேன் என்று பயமாக இருக்கிறது. ஒன்றும் கேட்காமல் போய்விட்டால் அது அதைவிடப் பயமாக இருக்கிறது.


அக்டோபர் 29

தங்கைக்கு,

நீ போய்ச் சேர்ந்த தகவல் கிடைத்தது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று எதுவும் எழுதவில்லை. மூன்று வார்த்தைத் தகவல்.

எனக்கு நீ ஒன்றும் சொல்லவில்லை. தெருமுனையிலேயே என்னை நிற்கச் சொல்லிவிட்டாய். நின்றேன். நீ ஜன்னலுக்குப் போனதைப் பார்த்தேன். உன் வாய் அசைவதைப் பார்த்தேன். பிறகு கம்பிக்குள் கையை முழங்கை வரைக்கும் விட்டாயே, அப்போது எனக்கு ஓடி வரவேண்டும் போல இருந்தது. பத்து நிமிஷம் அப்படியே நின்றாய். ஒரு தடவை என் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினாய். என்னைக் கூப்பிடுகிறாயா, யாருக்காவது என்னைக் காட்டுகிறாயா என்று புரியவில்லை.

திரும்பி வந்ததும் உன் கையைப் பிடித்தேன். நெருப்பாகச் சுட்டது. ஜுரமா என்று கேட்டேன். வண்டிக்கு நேரமாகிறது என்றாய்.

நேற்று தனியாகப் போனேன். ஜன்னல் சாத்தியிருக்கிறது. உள்பக்கம் தாழ்ப்பாள். தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை.

அவள் என்ன சொன்னாள்? என்னைத் திட்டினாளா? திட்டியிருந்தால் அப்படியே எழுது. முப்பத்தாறு வருஷமாக அதற்குத்தான் காத்திருக்கிறேன். மறைக்காதே.

அண்ணன்


நவம்பர் 8

அன்புள்ள அண்ணா,

மறைக்கவில்லை. சொல்ல வாய் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

நான் போய் நின்றதும் முதலில் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. இரைப்பு. பிறகு, "அக்கா, ஸ்கூல் விட்டாச்சா?" என்றாள். அந்த மூக்கடைத்த குரல். உங்களுக்குத் தெரியுமே. எனக்கு அந்தக் குரல் மறந்துபோயிருந்தது. மறந்துவிட்டேன் என்பதே அந்த நிமிஷம்தான் தெரிந்தது. "விட்டாச்சு" என்றேன். வேறென்ன சொல்வேன்?

"நெத்தி சுடுதா பாரு" என்றாள். அதனால்தான் கையை உள்ளே விட்டேன். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் என் உள்ளங்கைக்கு ஒரு நெற்றி வந்தது. வியர்வையில் முடி ஒட்டிக்கொண்டிருந்தது. ஜுரம் எனக்கில்லை அண்ணா. என் கையில் ஒட்டிக்கொண்டு வந்த சூடு அது.

அவள் உங்களைத் திட்டவில்லை. ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வளர்ந்தது, பாட்டு வகுப்பு, கடல், எதையும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். என்ன பதில் சொல்வது என்று யோசித்துத்தான் அவ்வளவு நேரம் நின்றேன்.

"அண்ணன் பரீட்சை நல்லா எழுதிச்சா?"

"ரொம்ப நல்லா எழுதிட்டாரு. ஓடி வந்துட்டாரு. அதோ நிக்கிறாரு பாரு" என்று உங்களைக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்த்தாளோ என்னவோ. "அப்ப சரி" என்றாள். நெற்றி கையைவிட்டு விலகியது. இரைப்பு நின்றது. நான் நடக்க ஆரம்பித்த பிறகு முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

மறுநாளிலிருந்து வேலையைத் தொடங்கிவிட்டேன். ஐநூற்று அறுபது வீடுகளோடு. ஆய்வகத்தில் இப்போது தனியாக உட்கார முடிகிறது. அடுத்த வருஷம் நான் வாய்மொழித் தேர்வுக்கு நிற்கும்போது நீங்கள் வந்து உட்கார வேண்டும். காது கேட்காவிட்டால் பரவாயில்லை.

பொய் எண் என்று பட்ட ஒன்றையும் என் ஆய்வேட்டில் நான் விட்டுவைக்கவில்லை. ஆனால் அந்த ஜன்னலில் நான் சொன்ன பதில் நிஜமா பொய்யா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, நீங்கள்தான் முடிவைப் பார்க்கவே இல்லையே. இனிமேலும் போய்ப் பார்க்காதீர்கள். நன்றாக எழுதினீர்கள் என்றே இருக்கட்டும்.

உங்கள் தங்கை